இரண்டு கேஷ், ஒரு காசு

வங்கியில் என் கூண்டுக்கு மேலே ஒரு பலகை தொங்கும். மேல் வரியில் தமிழில் 'காசாளர்', கீழ் வரியில் ஆங்கிலத்தில் 'கேஷியர்'. வரிசையில் நிற்பவர்களுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முறை வந்ததும் யாராவது ஒருவர் கேட்டேவிடுவார்: "சார், நம்ம காசுதானே இங்கிலீஷ்ல கேஷ் ஆச்சு?" தமிழாசிரியர் கேட்டிருக்கிறார். அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை கேட்டிருக்கிறார். கல்லூரிக் கட்டணத்துக்கு டி.டி. எடுக்க வந்த பெண் கேட்டிருக்கிறாள். "பாதி சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சலானை வாங்கிக்கொள்வேன். மீதிப் பாதியைச் சொல்லப் பின்னால் நிற்பவர்கள் விடமாட்டார்கள். ஓய்வு பெற்றபின் பழங்காசு சேர்ப்பதும் அதைப் பற்றிப் படிப்பதுமே என் பொழுது என்றாகிவிட்டது. அந்த மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று ஒலிப்பது ஒரு சொல் அல்ல. எழுத்தும் ஒலியும் ஒன்றாகி, பிறப்பு வேறான இரண்டு சொற்கள் அவை. பெரிய அகராதிகள் அவற்றைத் தனித்தனியாகவே பதிகின்றன. ஒன்று ஐரோப்பாவில் பிறந்தது, மற்றது நம்முடையது. ஏ.டி.எம். வாசலில் 'நோ கேஷ்' என்று எழுதி வைக்கிறார்களே, அது ஐரோப்பியக் கேஷ். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடும். வாட வேண்டிய தேவை இல்லை. நம் காசு உண்மையில் போய் வந்த தூரம், அதற்கு நாம் உரிமை கொண்டாடும் தூரத்தைவிடப் பெரிது.

முதலில் அந்த ஐரோப்பியச் சொல்லை முடித்துவிடுகிறேன். ரோமானியர்கள் சுருட்டிய ஏடுகளை வைக்கும் உருளைப் பெட்டிக்குக் 'கப்சா' என்று பெயர். அது இத்தாலியில் 'கஸ்ஸா' ஆனது. வணிகர்கள் பணம் வைத்துப் பூட்டும் பெட்டியைக் குறித்தது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தது. 1598-இல் ஜான் ஃப்ளோரியோ வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதி, 'கஸ்ஸா'வுக்குப் பொருள் சொல்கையில் வணிகரின் கேஷ் என்கிறது. அங்கே கேஷ் என்றால் பெட்டி. பெட்டியின் பெயரே உள்ளே இருப்பதற்கும் வழங்கத் தொடங்கி, பிறகு பெட்டி என்ற பொருள் வழக்கொழிந்து பணம் என்ற பொருள் மட்டும் நிலைத்தது. கேஸ், கேப்ஸ்யூல், கேஸட் எல்லாம் அதே கப்சாவின் வழிவந்தவைதான்.

ஆகவே கேஷியர் என்றால் பெட்டிக்காரர். அந்தப் பொருள் எனக்கு உவப்பானது. மாலையில் கேஷ் டேலி ஆனதும் கட்டுகளை அடுக்கி, பெட்டகத்தில் வைத்து, ஒரு சாவியால் நானும் மற்றொரு சாவியால் மேலாளரும் பூட்டுவோம். நோட்டு எண்ணுவது பகலெல்லாம் நடக்கும் வேலை. பெட்டிக்குப் பொறுப்பாக நிற்பதுதான் அந்தப் பதவி. தபால்தலைக்கும் டீக்கும் ஆட்டோவுக்கும் ஒதுக்கும் சில்லறைத் தொகையைப் 'பெட்டி கேஷ்' என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த அடைமொழி சிறியது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் கிளையில் பலரும் அதைப் பெட்டியில் வைக்கிற கேஷ் என்றே விளங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திருத்த எனக்கு ஒருநாளும் மனம் வரவில்லை. கேஷின் பூர்வீகத்தை அறிந்தவர் பேசுவதுபோல அது எனக்குக் கேட்கும்.

நெல் மண்டிக்காரர்களும் ஆலைக்காரர்களும் நாள்தோறும் பேசுகிற 'சி.சி. லிமிட்' இருக்கிறதே, அந்தக் கேஷ் கிரெடிட்டும் இந்தக் குடும்பம்தான். 1728-இல் எடின்பரோவில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து ஒரு வணிகருக்கு, கணக்கில் இருப்பதைவிட ஆயிரம் பவுண்டு வரை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. இன்றைய ஓவர்டிராஃப்டுக்கு அதுவே முன்னோடி. கேஷியர் என்று ஒரு வினைச்சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. ராணுவ அதிகாரியை அவமதித்துப் பதவி நீக்குவது. அதற்கும் பெட்டிக்கும் உறவில்லை. டச்சு வழியாக வந்த வேறு வேர். 1809-இல் மதராஸ் ராணுவத்தின் வெள்ளை அதிகாரிகள் கவர்னர் பார்லோவை எதிர்த்துக் கிளம்பியபோது, ராணுவ நீதிமன்றத்தில் சிலர் பெற்ற தண்டனை அது. அந்த 1809-ஆம் ஆண்டு நம் காசின் கதையிலும் வரும்.

நம் காசு தொடக்கத்தில் நாணயமே அல்ல. மணி. துளையிட்டு நூலில் கோத்து அணியும் பொன்மணி. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழத்தைப் பார்த்து, நகை கோப்பவரின் நகநுனியில் இருக்கும் பொற்காசை நினைக்கிறார். பழுத்த வேப்பம்பழத்தின் நிறத்தையும் உருட்சியையும் மனதில் கொண்டுவந்தால் அன்றைய காசு எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். திருப்பாவையில் தயிர் கடையும் ஆய்ச்சியர் கழுத்தில் ஒலிப்பதும் அந்த அணிதான். யாப்பு படித்தவர்கள் மனப்பாடம் செய்த நாள், மலர், காசு, பிறப்பு என்ற வெண்பா வாய்பாட்டிலும் அது இருக்கிறது. இன்றும் கல்யாணத்துக்குக் காசுமாலை செய்கிறோம். நாணயத்தைக் கோத்து மாலையாக்கினார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். சொல்லின் வரலாற்றைப் பார்த்தால், மாலையில் இருந்ததுதான் பிறகு நாணயத்துக்குப் பெயரானது.

சோழர் காலத்தில் அது பொன் நாணயம். ஒரு காசு அரைக்கழஞ்சுப் பொன். முதலாம் ராஜராஜன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை வாசிக்கும்போது வங்கிக்காரனாக நான் அசந்துபோனேன். கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று வாங்கியிருக்கிறார்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. வட்டியில்தான் கோயில் செலவு, முதலைத் தொடக் கூடாது. யார் கொடுத்தது, எந்த ஊர்ச் சபை வாங்கியது, வட்டி எவ்வளவு, எந்தச் செலவுக்கு என்று வரிவரியாகக் கல்லில் இருக்கிறது. எங்கள் லெட்ஜரில் இருந்த பத்திகள் எல்லாம் அங்கே உண்டு.

அதைவிட என்னைத் தொட்டது திருவீழிமிழலைக் கதை. பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு அமுது படைக்க, சிவபெருமான் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு பீடத்தில் வைத்தார். அப்பர் காசைக் கடைத்தெருவில் கொடுத்ததும் பண்டம் கிடைத்தது. சம்பந்தர் காசுக்கு வாசி கேட்டார்கள். அவர் மடத்தில் உணவு தாமதப்பட்டது. அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்பவர், அதனால் அவருக்கு நற்காசு என்று காரணம் சொல்கிறார்கள். சம்பந்தர் வாசியில்லாத காசு கேட்டுப் பதிகம் பாடினார். வாசி என்றால் தேய்ந்த, மாற்றுக் குறைந்த நாணயத்துக்குக் கழித்துக்கொள்ளும் வட்டம். பக்தர்கள் இதை அற்புதமாகப் படிக்கிறார்கள். நான் இதில் ஒரு கடைத்தெருவைப் பார்க்கிறேன். காசைத் தட்டிப் பார்த்து, உரைத்துப் பார்த்து, இதற்கு இவ்வளவு கழிவு என்று சொல்லும் நாணயம் மாற்றுவோர் அன்றே இருந்தார்கள். தெய்வம் தந்த காசையும் சோதித்த பிறகுதான் வாங்கினார்கள். பின்வந்த கல்வெட்டுகள் 'அன்றாடு நற்காசு' என்று அழுத்திச் சொல்வது அந்தக் கவலையால்தான். அன்று புழக்கத்தில் இருக்கும் நல்ல காசாகக் கொடு என்று பொருள்.

பிறகு காசு இறங்கத் தொடங்கியது. சோழர் நாணயத்தில் பொன் குறைந்தது, செம்பு மிகுந்தது. பாண்டியர் காலத்திலும் விஜயநகர, நாயக்கர் காலத்திலும் பெரிய கணக்கு வராகனுக்கும் பணத்துக்கும் போனது. காசு என்ற பெயர் ஏழைகளின் செம்புச் சில்லறைக்கு வந்து சேர்ந்தது. போர்த்துகீசியர் கப்பலிலிருந்து இறங்கியபோது கடைத்தெருவில் கேட்ட காசு அந்தச் செம்புக்காசுதான். அவர்கள் மொழியில் பெட்டிக்குக் 'கைஷா' என்று பெயர்; காசையும் அதே எழுத்தில் எழுதினார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதை வாங்கியபோது, அவர்கள் மொழியிலும் பெட்டிவழி வந்த கேஷ் ஏற்கனவே இருந்தது. இப்படி இரண்டு மொழியில் இரண்டு முறை காசும் பெட்டியும் ஒரே உருவம் எடுத்தன. நம் மக்கள் இரண்டும் ஒன்று என்று எண்ணியதில் வியப்பில்லை.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகப் பதிந்தவர்களில் ஒருவர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து சரஸ்வதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை செய்த பர்னெல். யூல் என்பவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி அவர் இறந்த பின் 1886-இல் வெளிவந்தது. தமிழ்க் காசையும் சமஸ்கிருதத்தின் 'கர்ஷ' என்ற எடைப் பெயரையும் அது சேர்த்துப் பேசுகிறது. அந்த முடிச்சு எனக்கு உறுதியாகப் படவில்லை. ஆனால் தமிழிலிருந்து போர்த்துகீசியம், அங்கிருந்து ஆங்கிலம் என்ற வழியை ஏற்றுக்கொள்ளத் தடையில்லை.

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசப்பட்டினம் கிடைத்தபோது நாணயம் அடிக்கும் உரிமையும் சேர்ந்தே கிடைத்தது. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். பெருக்கிப் பாருங்கள்: ஒரு வராகனுக்கு 3,360 காசு. ராஜராஜன் காலத்தில் அரைக்கழஞ்சுப் பொன்னாக இருந்த காசின் நிலை இது. நாம் சேர்த்துச் சொல்லும் 'காசு பணம்' என்ற இணைமொழியில் இந்த வாய்பாட்டின் இரண்டு படிகள் அப்படியே இருக்கின்றன. 1818-இல் ரூபாயைக் கணக்கு நாணயமாக்கி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வகுத்தார்கள். அப்படியானால் ரூபாய்க்கு 12 பணம், 960 காசு.

அந்தக் காசுகளை மதராசில் அடித்துக் கட்டுப்படியாகவில்லை என்றோ என்னவோ, 1803-லும் 1808-லும் பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயசாலையில் அடிக்கச் சொன்னார்கள். ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி அவர். நீராவி இயந்திரத்தால் நாணயம் அடித்தவர். 1803-இல் வந்தவை 1, 5, 10, 20 காசுகள். ஒரு காசு சட்டைப் பொத்தான் அளவுதான். 1808-இல் அடித்த 10 காசும் 20 காசும் மரப்பீப்பாய்களில் அடைக்கப்பட்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் ஏறின. 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால், குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கிக் கப்பல் உடைந்தது. மதராசின் கடைத்தெருக்களுக்கு வர வேண்டிய சில்லறை அப்படியே கடலடியில் கிடந்தது. 1980-களின் நடுவில் முக்குளிப்பவர்கள் பத்து லட்சத்துக்கும் மேலான காசுகளை வெளியே எடுத்தார்கள்.

அவற்றில் ஒரு 10 காசு என்னிடம் இருக்கிறது. நாணயக் கண்காட்சிகளில் அதிக விலையில்லாமல் கிடைக்கும். புழங்காத காசு என்பதால் எழுத்து தேயவில்லை. உப்புநீர் தின்ற சிறு குழிகள் மட்டும் விளிம்பில் உண்டு. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் கம்பெனியின் கேடயத்தைப் பிடித்து நிற்கின்றன. கூடவே லத்தீன் வாசகம், கீழே 1808. மறுபக்கம் பாரசீக எழுத்தில், பத்து காசு என்பது இரண்டு ஃபுலூஸ் என்று பொருள்படும் வரி. அதன் அடியில் ரோமன் எண்ணில் பத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்'. லத்தீன், பாரசீகம், ஆங்கிலம் என்று மூன்று மொழி இருக்கிறது, தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் நாணயத்தின் பெயர், பாரசீகத்திலும் ஆங்கிலத்திலும், தமிழ். லென்ஸ் வைத்து இதைப் பார்க்கும்போதெல்லாம், கேஷியர் கூண்டுக்கு முன் நின்று அந்தக் கேள்வி கேட்டவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தோன்றும்.

கம்பெனி மட்டும் அல்ல. 1620-இல் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தரங்கம்பாடிக்கு வந்த டென்மார்க்காரர்கள், 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும் வரை தங்கள் அரசரின் முடியெழுத்தை ஒரு பக்கமும் 'காஸ்' என்ற அளவை மறுபக்கமும் பொறித்துச் செம்புக்காசு அடித்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 'காஷ்' என்றார்கள். அவர்களுடைய செம்பு நாணயத்தில் ஒரு பக்கம் அரசகுலத்து அல்லிப்பூ, மறுபக்கம் தமிழ் எழுத்திலேயே புதுச்சேரி.

இன்னும் தள்ளிப் போனது கிழக்கே. மலாய்த் தீவுகளில் புழங்கிய, நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செம்புக்காசையும் போர்த்துகீசியர் கைஷா என்றே அழைத்தார்கள். காண்டன் துறைமுகத்து ஆங்கில வணிகர்கள் அதைக் கேஷ் என்றார்கள். சீனர் வாயில் அந்தச் சொல் ஒருபோதும் இல்லை. அவர்களுக்கு அது 'ச்சியென்'. ஆயிரம் காசை ஒரு கயிற்றில் கோத்துச் சரமாக எண்ணுவது அவர்கள் வழக்கம். துளையிட்டுக் கோத்த பொன்மணிக்கு இருந்த பெயர், கடல் சுற்றிப் போய், மறுபடி துளையிட்டுக் கோத்த ஒரு நாணயத்துக்கு அமைந்திருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் குவாங்டங் மாகாண நாணயசாலை அடித்த டிராகன் காசுகளில் ஆங்கிலத்தில் 'டென் கேஷ்' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எனக்குத் தெரிந்து, ஒரு தமிழ்ச் சொல்லை இவ்வளவு தொலைவில் ஓர் அரசாங்கம் உலோகத்தில் பொறித்தது வேறெங்கும் இல்லை.

நம் நாட்டில் காசு என்ற பெயரோடு புழங்கிய கடைசி நாணயங்கள் இரண்டு சமஸ்தானத்தில் இருந்தன. ஒன்று புதுக்கோட்டை. அங்கே அம்மன் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்றிருக்கும். ரூபாய்க்கு 320. நவராத்திரியில் அரிசியோடு இதைத் தானமாகக் கொடுப்பது அரண்மனை வழக்கம். அம்மனுக்கே அரைக்காசு அம்மன் என்று பெயர் வந்துவிட்டது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, காசும் போனது. ஆனால் பொருள் தொலைந்தால் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வேண்டிக்கொள்வது தமிழ்நாடு முழுக்க இன்னும் நடக்கிறது. எங்கள் கிளையில் ஒருமுறை லாக்கர் சாவி காணாமல் போய், உடன் வேலை பார்த்த அம்மா வேண்டிக்கொண்டு, அன்று மாலையே கோப்புக்கட்டுக்குள் கிடைத்தது. மறுநாள் எல்லோருக்கும் வெல்லம்.

மற்றது திருவிதாங்கூர். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 1949 வரை இந்தக் கணக்கு நடந்தது. கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது என்பதால், இந்தக் காசில் உப்பும் கருவாடும் வாங்கிய தமிழர்கள் அண்மைக்காலம் வரை நம்மோடு இருந்தார்கள். நாகர்கோவிலில் நான் வேலை பார்த்தபோது, வடசேரிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி துணியில் முடிந்த செம்புக்காசுகளைக் கொண்டுவந்தார். மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று விளக்கிவிட்டு, "சக்கரமா பாட்டி இது?" என்றேன்.

"சக்கரம் வேற, காசு வேற மக்ளே. பதினாறு காசு சேந்தாத்தான் ஒரு சக்கரம்" என்றார். பிறகு கண்ணாடிக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்து, தடவிப் பார்த்தே தரம் பிரித்தார். இது ஒரு காசு, இது நாலு காசு, இது எட்டு. படிக்கத் தெரியாதவர். நாலு காசு என்று அவர் வைத்ததைத் திருப்பிப் பார்த்தேன். சங்கு முத்திரைக்கு மறுபக்கம் ஆங்கிலத்தில் 'ஃபோர் கேஷ்' என்றுதான் இருந்தது.